பதக்கத்தின் விளிம்பு: போலியைக் கண்டறியும் வரலாற்று நெறி

போரில் வீழ்ந்த வீரனின் நினைவைப் பொறித்து வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. நடுகல்லுக்கு உரிய கல்லைத் தேர்வது முதல் அதனை வாழ்த்துவது வரையிலான படிநிலைகளைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. நடுகல்லுக்கு ஒரு வலிமை உண்டு. அது நட்ட இடத்திலேயே நிற்கும். அவ்வீரன் யார், எதற்காக மாண்டான் என்பதை அவ்வூரார் அறிவர். ஆதலின், அக்கல்லின்மேல் பொய்யுரைப்பது எளிதன்று.

படைப்பதக்கத்தின் இயல்பு வேறு. அது உள்ளங்கையில் அடங்கும், கைமாறும், கடல் கடக்கும், விலைக்கு வரும். பெற்றவர் மறைந்தபின் அவர் பெட்டியிலிருந்து அடகுக்கடைக்கும், அங்கிருந்து பழம்பொருள் வணிகரிடமும், பின்னர் ஏலக்கூடத்திற்கும் செல்லும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதனைப் பற்றிய செய்தி ஒன்று கழியலாம். கதை ஒன்று கூடலாம். எனவேதான் பதக்கத்தைச் சேகரிப்பவர், அதனை முதலில் ஐயுறக் கற்றுக்கொள்கிறார். இந்த ஐயம் வணிகத்திற்கு மட்டும் உரியதன்று. வரலாறு பயில்வோர் அனைவருக்கும் அடிப்படையான பயிற்சி இதுவே. மலாயாவோடும் சிங்கப்பூரோடும் தொடர்புடைய பதக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்பயிற்சியை இப்பொழிவில் விளக்க முற்படுகிறோம்.

பொய்யின் வகைகள்

‘போலி’ என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறித்துவிடுகிறோம். அவற்றைப் பிரித்தறிவது முதற்பணி.

முதலாவது, படி. குடும்பத்தார் அணிவதற்கும் காட்சிக்கு வைப்பதற்கும் வெளிப்படையாகச் செய்து விற்கப்படுவது. அதில் குற்றமில்லை. அதனை மூலம் என்று கூறி விற்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது. இரண்டாவது, மறு அச்சு. பழைய அச்சையே கொண்டு பிற்காலத்தில் அடித்தது. மூன்றாவது, வார்ப்புப் போலி. உண்மையான பதக்கத்திலிருந்து அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றியது. நான்காவது, பெயர் மாற்றியது. பதக்கம் உண்மையானது, அதில் உள்ள பெயர் மட்டும் அழிக்கப்பட்டு வேறு பெயர் ஏற்றப்பட்டது. ஐந்தாவது, கூட்டிச் சேர்த்தது. தனித்தனியே உண்மையான பதக்கங்களை ஒரே வீரருடையவை போல ஒன்றாகக் கோத்தது. ஆறாவது, பதக்கம், பெயர் இரண்டும் உண்மையாக இருக்க, அதனோடு சொல்லப்படும் கதை மட்டும் பொய்யாவது.

இவ்வரிசையில் கீழே செல்லச் செல்ல, உலோகத்தில் உள்ள பொய் குறைகிறது; சொல்லில் உள்ள பொய் மிகுகிறது. புதிதாகச் சேகரிப்பவர் உலோகத்தை மட்டும் சோதித்துவிட்டு மனநிறைவு அடைகிறார். தேர்ந்த சேகரிப்பாளரோ உலோகச் சோதனையை வாயிற்படியாக மட்டுமே கருதுகிறார்.

உலோகம் கூறுவது

பிரிட்டிஷ் போர்க்களப் பதக்கங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் விட்டம் உடையவை. அவை வார்க்கப்பட்டவை அல்ல. அச்சின் அழுத்தத்தால் அடிக்கப்பட்டவை. அடித்த பதக்கத்தில் எழுத்தின் ஓரமும் உருவத்தின் மயிரிழையும் கூர்மையாக நிற்கும். வார்த்த போலியில் அவை மழுங்கியிருக்கும். உருப்பெருக்கியால் நோக்கினால் காற்றுக்குமிழி விட்டுச்சென்ற நுண்குழிகள் தென்படலாம். விளிம்பில் இரு பாதிகள் இணைந்த கோடும் தென்படலாம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் ஆதலின், வார்ப்புப் போலி மூலத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும். வெர்னியர் அளவி அவ்வேறுபாட்டைக் காட்டிவிடும்.

உலோகத்தின் தன்மையை அறியப் பதக்கத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. ஆர்க்கிமிடீசின் நெறி போதும். 92.5 விழுக்காடு வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.3, செப்பு-நிக்கல் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 8.9. 31 கிராம் எடையுள்ள ஒரு பதக்கம் நீரில் முழுதும் அமிழ்ந்திருக்கும்போது 3 கிராம் எடை குறைவாகக் காட்டினால் அது வெள்ளியாக இருக்கக்கூடும். 3.5 கிராம் குறைந்தால் செப்பு-நிக்கல் என்று கருதலாம். பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இச்சோதனையைச் செய்ய இயலும். நாடாவை மட்டும் முன்னரே கழற்றிவிட வேண்டும்.

ஆயினும், உலோகம் கூறுவதை வரலாற்றறிவோடு சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும். முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. அதே பதக்கம் வெண்கலத்தில் கிடைத்தால் போலி என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால், சீன, இந்திய, மால்ட்டா தொழிலாளர் படைப்பிரிவினர்க்கு அது வெண்கலத்திலேயே வழங்கப்பட்டது. போரிட்டவனுக்கு வெள்ளி, சுமை சுமந்தவனுக்கு வெண்கலம் என்பது அன்றைய பேரரசின் கணக்கு. இங்கே உலோகம் போலியைக் காட்டவில்லை. ஆட்சியின் ஏற்றத்தாழ்வைக் காட்டுகிறது.

பழமையின் கருமையும் இவ்வாறே ஆராயத்தக்கது. வெள்ளி காற்றில் மெல்ல மெல்லக் கருக்கும். பள்ளங்களில் அடர்ந்தும் மேடுகளில் தேய்ந்தும் காணப்படும். கந்தகக் கலவையில் தோய்த்து ஓரிரவில் வரவழைத்த கருமை எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். பதக்கத்தைத் துலக்கிப் பளபளப்பாக்கக் கூடாது என்று வல்லுநர் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. துலக்குபவர் சான்றையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்.

நாடாவைப் பொறுத்தவரை, மேலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். புறஊதா விளக்கின்கீழ்ப் புதிய துணியும் நூலும் வெண்ணீலமாக ஒளிரும். பழைய பட்டு அவ்வாறு ஒளிர்வதில்லை. எனினும், அணிந்து அணிந்து நைந்த நாடாவை வீரர்களே மாற்றிக்கொண்டனர். புதிய நாடா பதக்கத்தைப் போலியாக்காது. ஆனால், ‘அன்று கொடுத்தபடியே உள்ளது’ என்று விற்பவர் சொன்னால், அந்தச் சொல்லை அந்நாடா பொய்யாக்கும்.

விளிம்பு கூறுவது

1815ஆம் ஆண்டு வாட்டர்லூப் போரில் நின்றவர்க்கு, பதவி வேறுபாடின்றி வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. அதன் விளிம்பில் பெற்றவரின் பெயரும் படைப்பிரிவும் எந்திரத்தால் பொறிக்கப்பட்டன. அதன்பின் விளிம்பில் பெயர் பொறிப்பது பிரிட்டிஷ் வழக்கமாக வளர்ந்தது. இவ்வழக்கமே சேகரிப்பாளரின் முதற்சான்று. ஏமாற்றுவோரின் முதல் இலக்கும் அதுவே.

ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்ட ஒரே பதக்கம், ஒருவர் பெயரில் மலிவாகவும் மற்றொருவர் பெயரில் அரிதாகவும் விலைபோகிறது. வேறுபாடு உலோகத்தில் இல்லை, பெயரில் உள்ளது. ஆதலின், உண்மையான பதக்கத்தை வாங்கி, விளிம்பை அரத்தால் தேய்த்து, புகழ்பெற்ற படைப்பிரிவு ஒன்றின் வீரர் பெயரை ஏற்றுவது ஆதாயமான தொழிலாயிற்று. எடையும் உருவமும் உலோகமும் சரியாகவே இருக்கும். பொய் அந்த ஒரு வரியில் மட்டுமே ஒளிந்திருக்கும்.

அதனை எவ்வாறு கண்டறிவது? தேய்த்த விளிம்பு விட்டத்தில் மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கேனும் குறையும். பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பல இடங்களில் அளக்க வேண்டும். பதவியோ படைப்பிரிவோ மட்டும் மாற்றப்பட்டிருந்தால் அவ்விடத்தில் மட்டும் ஒரு தாழ்வு தெரியும். விளிம்பை ஒட்டிய மேட்டுவரை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருப்பது மற்றோர் அறிகுறி.

அடுத்து எழுத்து. தனித்தனி அச்சாணிகளால் அழுத்திய எழுத்துகளில் ஓர் எழுத்து எத்தனை முறை வந்தாலும் ஒரே வடிவில் இருக்கும். உளியால் செதுக்கிய எழுத்துகளில் கைவேறுபாடு தெரியும். பள்ளம் கூராக இறங்கும். லேசர் ஒளியால் எரித்த எழுத்து ஆழமின்றி, அடிப்பரப்பில் நுண்புள்ளிகளோடு காணப்படும். எந்தப் பதக்கத்திற்கு, எந்தக் காலத்தில், எவ்வகை எழுத்து வழங்கிற்று என்பதை ஐயத்திற்கு இடமில்லாத பதக்கங்களோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதியால் கணிக்கும் அறிஞர் செய்வதும் இதுதான்.

இங்கும் அவசரத் தீர்ப்பு ஆகாது. பதக்கத்தைத் தொலைத்த வீரர் வேறொருவரின் பதக்கத்தை விலைக்கு வாங்கி, அதில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டதும் உண்டு. அழித்தெழுதியது என்பது மெய்ப்பிக்கப்படலாம். ஏமாற்றும் நோக்கம் அதனாலேயே மெய்ப்பிக்கப்பட்டதாகாது.

பட்டையும் வாசகமும்

ஒரே பதக்கத்தைப் பல போர்களுக்கும் வழங்கி, போர்க்களத்தின் பெயர் தாங்கிய பட்டையை நாடாவின்மேல் சேர்ப்பது பிரிட்டிஷ் முறை. 1854ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்திற்கு 24 பட்டைகள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் மண்ணின் பெயரைத் தாங்கியது: ‘பேராக்’. 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசீர் சாலாக்கில் பிரிட்டிஷ் ஆட்சிப்பேராளர் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நிகழ்ந்த படையெடுப்புக்காக அப்பட்டை அளிக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் கூர்க்காப் படையின் கேப்டன் சான்னர் புக்கிட் பூத்துஸ் கணவாயில் ஆற்றிய செயலுக்காக விக்டோரியா சிலுவை பெற்றார். அக்கணவாய் இன்றைய நெகிரி செம்பிலானில் உள்ளது, பேராக்கில் இல்லை. ஆயினும், அப்போர்களுக்கு உரிய பட்டை ‘பேராக்’ என்பதே. ‘நெகிரி செம்பிலானில் போரிட்டவருக்குப் பேராக் பட்டையா?’ என்று நிலப்படத்தை மட்டும் பார்த்து ஐயுறுபவர் உண்மையானதைப் போலி என்று ஒதுக்கிவிடுவார். பட்டையின் பெயர் ஆட்சியாளர் இட்ட பெயர். அது நிலப்படம் அன்று.

பட்டைகளை இணைக்கும் சிற்றாணிகளையும் நோக்க வேண்டும். மலிவான பதக்கத்தோடு அரிய பட்டை ஒன்றைச் சேர்த்து விலையேற்றுவது பழைய தந்திரம். ஆணிகள் கரடுமுரடாகவோ புதிதாகவோ இருந்தால் கேள்வி எழுப்ப வேண்டும். கேள்வி எழுப்பத்தான் வேண்டும்; முடிவுகட்டக் கூடாது. பின்னர் பெற்ற பட்டையைப் படைமுகாமின் தட்டானிடம் கொடுத்துப் பொருத்திக்கொண்ட வீரரும் உளர்.

பதக்கத்தின் முகப்பில் உள்ள இலத்தீன் வாசகம் மற்றொரு காலக்கண்ணாடி. மலாயா அவசரகாலப் பணிக்காக, 1918ஆம் ஆண்டின் பொதுச் சேவைப் பதக்கத்தில் ‘மலாயா’ என்னும் பட்டை வழங்கப்பட்டது. படையினரோடு மலாயாக் காவல்துறையினரும் அதனைப் பெற்றனர். ஆகவே இந்நாட்டுக் குடும்பங்களில் காணக்கூடிய பதக்கங்களுள் இதுவும் ஒன்று. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பழைய முகப்பில், ‘இந்தியாவின் பேரரசர்’ எனப் பொருள்படும் சுருக்கம் உண்டு. 1948 ஜூன் மாதத்தில் மன்னர் அப்பட்டத்தைத் துறந்தார். பின்னர் வந்த முகப்பில் அச்சுருக்கம் இல்லை. அவசரகாலமும் அதே ஜூன் மாதத்தில்தான் தொடங்கிற்று.

அவ்வாறாயின், பழைய வாசகம் கொண்ட பதக்கத்தில் ‘மலாயா’ பட்டை இருப்பது போலியா? முன்னரே பாலஸ்தீனத்தில் பணியாற்றிப் பதக்கம் பெற்றிருந்தவர்க்கு மலாயாப் பணிக்காகப் பட்டை மட்டுமே கூடுதலாகக் கிடைத்தது. அவர் பதக்கத்தில் இரு பட்டைகளும் பழைய வாசகமும் முறையாகவே சேர்ந்திருக்கும். முரண்பாடு போலத் தோன்றுவதே ஒரு மனிதரின் வாழ்க்கை வழியைக் காட்டுகிறது.

ஏட்டில் பெயர் உண்டா?

இவ்வளவும் பொருளின்மேல் செய்த சோதனை. இனி ஏட்டின்மேல் செய்ய வேண்டியது உண்டு. யார்க்கு எந்தப் பதக்கம், எந்தப் பட்டை என்பதைப் படைத்துறை பதிவேடுகளில் எழுதி வைத்தது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 100’ என்னும் வரிசையில் இத்தகைய ஏடுகள் பாதுகாக்கப்படுகின்றன. முதல் உலகப்போர் வீரர்களின் பணிக்குறிப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் இலண்டன் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. ஆனால், அப்போரின் பதக்கப் பதிவேடுகள் எஞ்சின. பல வீரர்களுக்கு, அவர்கள் படையில் இருந்தார்கள் என்பதற்கே அவ்வேடுகள்தாம் சான்று.

விளிம்பில் உள்ள எண், பெயர், பதவி, படைப்பிரிவு நான்கும் ஏட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தினாலும் ஏடு மெய்ப்பிப்பது ‘இவர் இப்பதக்கம் பெற்றார்’ என்பதை மட்டுமே. ‘கையில் உள்ளது அப்பதக்கமே’ என்பதை ஏடு மெய்ப்பிக்காது. ஏட்டைப் படித்துவிட்டு அதிலுள்ள பெயரையே பொறிக்கும் போலியாளரும் இருக்கிறார். ஆதலின், பொருளும் ஏடும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

பதக்கக் கோவையிலும் விதி உண்டு. இரண்டாம் உலகப்போரின் பசிபிக் நட்சத்திரத்திற்கும் பர்மா நட்சத்திரத்திற்கும் தகுதி பெற்ற ஒருவர்க்கு ஒரு நட்சத்திரமே வழங்கப்பட்டது. மற்றதற்கு ஈடாகப் பட்டை தரப்பட்டது. இரு நட்சத்திரங்களும் ஒரே கோவையில் தொங்கினால் அது ஒருவர் பெற்றபடி அமைந்த கோவை அன்று. பிரிட்டன் இந்நட்சத்திரங்களைப் பெயரின்றி வழங்கியதும், ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பெயர் பொறித்து வழங்கியதும் நினைவிற்கொள்ளத்தக்கவை. பெயரில்லாத பிரிட்டிஷ் நட்சத்திரம் ‘இன்னாருடையது’ என்று விற்கப்படும்போது, நாம் விலை கொடுப்பது உலோகத்திற்கா, சொல்லுக்கா என்று கேட்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான ஒரு சோதனை

இதுவரை கூறிய நெறி நம் உணர்வைத் தொடாத பொருள்களில் எளிதாக இயங்கும். அது நம் நெஞ்சுக்கு நெருக்கமானவற்றிலும் இயங்குகிறதா என்பதே உண்மையான சோதனை.

இந்திய தேசிய இராணுவத்தில் மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் பலர் சேர்ந்தனர். தோட்டப்புறத்து இளையரும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். எனவே ‘ஆசாத் ஹிந்த்’ பதக்கம் என்று ஒன்று காட்டப்படும்போது நம் கை தானே நீள்கிறது. அப்போதுதான் நிதானம் வேண்டும்.

இவ்விருதுகள் 1942இல், சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தபோது ஏற்படுத்தப்பட்டவை. பதக்கங்கள் வியன்னா நகரில் செய்யப்பட்டன. போஸ் 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியாவுக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் தற்காலிக அரசை அறிவித்தார். விருதுகள் கிழக்குப் போர்முனையிலும் அறிவிக்கப்பட்டன. ஆனால், விருது அறிவிக்கப்பட்டது என்பது ஒரு செய்தி. வியன்னாவில் அடித்த ஓர் உலோகத்துண்டு மலாயாத் தோட்டத்து வீரர் ஒருவரின் கைக்கு வந்தது என்பது வேறொரு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவது தானே பிறவாது. எந்தக் கப்பலில், எவர் வழியாக, எப்போது வந்தது என்னும் வழித்தடத்தைக் கேட்க வேண்டும். போருக்குப் பின்னரும் இப்பதக்கங்கள் சேகரிப்பாளர் சந்தைக்காக மீண்டும் மீண்டும் செய்யப்பட்டன. அவற்றின் விளிம்பில் பெயர் இல்லை. விளிம்பில் பெயரும் ஏட்டில் பதிவும் இல்லாதபோது எஞ்சும் ஒரே சான்று வழித்தடமே.

இவ்வாறு கேட்பது வீரரை ஐயுறுவதாகாது. சிங்கப்பூர்க் கடற்கரைத் திடலில் 1945 ஜூலை 8ஆம் நாள் போஸ் அடிக்கல் நாட்டிய படைவீரர் நினைவுச்சின்னம், பிரிட்டிஷார் திரும்பி வந்த செப்டம்பரிலேயே தகர்க்கப்பட்டது. அழிக்கப்பட்ட நினைவின் வெற்றிடத்தில்தான் போலிகள் எளிதில் குடியேறுகின்றன. ஒரு பாட்டனார் அப்படையில் இருந்தார் என்பதற்கு ஒரு கடிதமோ, ஒளிப்படமோ, அடையாளத்தாளோ, உடனிருந்தோரின் வாய்மொழியோ சான்றாகலாம். அச்சான்றுகள் எளியவை, பளபளப்பு இல்லாதவை. அவற்றோடு சந்தையில் வாங்கிய பதக்கம் ஒன்றைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தால், பதக்கம் போலியென அறியப்படும் நாளில் உண்மையான கடிதமும் ஐயத்திற்கு உள்ளாகும். போலி செய்யும் பெருங்கேடு பணநட்டம் அன்று. மெய்யின் மதிப்பைக் குலைப்பதே.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்கள் பெயரைத் தாங்கிய பதக்க விளிம்பு எதுவும் இல்லை. பேராக் பட்டையும் படையெடுத்து வந்தவர்க்கே வழங்கப்பட்டது. மண்ணைக் காக்க எதிர்த்து நின்றவர்க்கு அன்று. உண்மையான பதக்கமும் ஒரு தரப்பின் சாட்சியே. அது சொல்வதைச் சோதிக்கும் நாம், அது சொல்லாமல் விடுவதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இந்நெறியை வகுப்பறையில் பயிற்றுவிக்க விலையுயர்ந்த பதக்கம் தேவையில்லை. மாணவர் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றே போதும்: ஒரு சான்றிதழ், கைக்கடிகாரம், அடையாள அட்டை. அதனைக் கையில் எடுத்து ஐந்து வினாக்களை வரிசையாகக் கேட்கச் சொல்லலாம். இது எதனால், எவ்வாறு செய்யப்பட்டது? இதில் எழுதியிருப்பது அக்காலத்து எழுத்துதானா? இதனோடு சேர்ந்திருப்பவை இதனோடு பொருந்துகின்றனவா? இதனை உறுதிசெய்யும் ஏடு எங்கேனும் உண்டா? இது எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது?

ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் ‘அறிந்தது’, ‘கருதுவது’, ‘கேட்டது’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்ல வேண்டும். பாட்டியார் சொன்ன செய்தியைக் ‘கேட்டது’ என்று எழுதுவதால் அவர் மதிப்புக் குறையாது. யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்னும் குறிப்போடு எழுதப்பட்டால், அச்செய்தி பின்வரும் தலைமுறை நம்பிப் பயன்படுத்தக்கூடிய சான்றாக உயர்கிறது. முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அக்குறிப்பை எழுதிவிடுவது நம் கடமை.